நிறுத்தச் சொல்லும் துணிச்சல்

கே: கமாண்டோ படையிடம் அலுவலக மேலாளர் கற்க என்ன இருக்கிறது? அங்கே உத்தரவு போட்டால் போதுமே! (வாசகர், கோவை)

ப: போதாது. நம் ராணுவத்தின் பாரா சிறப்புப் படையில் சேர வரும் அதிகாரியும் சிப்பாய்களோடு சேர்ந்து அதே தகுதிகாண் பயிற்சியைத் தாண்டியாக வேண்டும். அதே மூட்டை, அதே பசி, அதே தூக்கமில்லாத இரவு. உங்கள் மேலாளர் மார்ச் மாதக் கடைசியில் உங்களோடு உட்கார்ந்து கணக்கு முடிக்கிறாரா, ஆறு மணிக்குக் கிளம்பிவிடுகிறாரா?

கே: தலைவருக்கு முதலில் வேண்டியது துணிச்சல்தானே? (கல்லூரி மாணவி, சேலம்)

ப: ஆமாம். அதிலும் 'வேண்டாம்' என்று சொல்லும் துணிச்சல். 1980 ஏப்ரலில், டெஹ்ரானில் பிணைக்கைதிகளாக இருந்த அமெரிக்கர்களை மீட்க டெல்டா படை புறப்பட்டது. கிளம்பிய ஹெலிகாப்டர்கள் 8. குறைந்தது 6 வேண்டும் என்று முன்பே முடிவு செய்திருந்தார்கள். ஈரான் பாலைவனத்தில் தேறியவை 5. கர்னல் சார்லி பெக்வித் தானே உருவாக்கிய படை. அதன் முதல் பெரிய வேலை. 'இருப்பதை வைத்துச் சமாளிப்போம்' என்று சொல்ல எத்தனை ஆசை இருந்திருக்கும்! அவர் நிறுத்தச் சொன்னார். திரும்பும்போது ஒரு ஹெலிகாப்டர் விமானத்தில் மோதி 8 பேர் மாண்டது பெருந்துயரம். ஆனாலும் அவர் முடிவு சரியானதே என்பேன். அந்த 6 என்ற கணக்கு நிதானமாக இருந்தபோது போட்டது. பதற்றத்தில் போடும் கணக்கு நம் ஆசைக்கு வளைந்துகொடுக்கும். அதிபர் கார்ட்டர் தொலைக்காட்சியில் தோன்றி, முழுப் பொறுப்பும் தன்னுடையது என்றார். அதுவும் தலைமைதான்.

கே: தோற்ற தலைவரை மாற்றிவிட வேண்டாமா? (வாசகர், தஞ்சாவூர்)

ப: 1941 நவம்பரில் பிரிட்டனின் எஸ்.ஏ.எஸ். படை வட ஆப்பிரிக்காவில் முதல் தாக்குதலுக்குப் போனது. புயலில் பாராசூட்டில் குதித்தவர்களில் பாதிக்கு மேல் திரும்பவில்லை. படையை நிறுவிய டேவிட் ஸ்டிர்லிங் பாராசூட்டை விட்டுவிட்டு, அடுத்த மாதமே பாலைவன ரோந்துப் படையின் வண்டிகளில் ஆட்களை அனுப்பினார். எதிரியின் விமானங்கள் தரையிலேயே தகர்ந்தன. வழியை மாற்றுகிறவரை வைத்துக்கொள்ளுங்கள். சாக்குச் சொல்கிறவரை மாற்றுங்கள்.

கே: பின் லேடன் வேட்டையன்று எடுத்த வெள்ளை மாளிகைப் படத்தில் அதிபர் ஒபாமா ஓரமாக உட்கார்ந்திருந்தாரே? (வாசகி, நெல்லை)

ப: நடு நாற்காலியில் இருந்தவர் பிரிகேடியர் ஜெனரல் மார்ஷல் வெப். வேலை தெரிந்தவர் நடுவில். பதில் சொல்ல வேண்டியவர் ஓரத்தில். சரியான இடம்.

கே: வீரர் உயிரைக் கொடுக்கிறார். மேலே இருப்பவர்கள் என்ன கற்கிறார்கள்? (முன்னாள் ராணுவத்தினர், வேலூர்)

ப: 2008 நவம்பர் 28 அன்று மும்பை தாஜ் ஹோட்டலில், காயம்பட்ட தன் வீரரை வெளியேற்ற ஏற்பாடு செய்துவிட்டு, பயங்கரவாதிகளைத் தனியே துரத்திப் போய் உயிர்நீத்தார் மேஜர் சந்தீப் உன்னிகிருஷ்ணன். வயது 31. அசோக சக்ரா விருது அவர் வீரத்துக்கு. ஆனால் அவருடைய தேசியப் பாதுகாப்புப் படை அன்று டெல்லி அருகே மானேசரில் இருந்து விமானம் பிடித்து மும்பைக்கு வர வேண்டியிருந்ததே, அது யார் குறை? மேலே இருந்தவர்களின் குறை. அதைத் திருத்தத்தான் 2009இல் சென்னை உட்பட நான்கு நகரங்களில் அந்தப் படைக்கு மையங்கள் அமைந்தன.