பார்ட்டி வந்திருக்கு

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்தில் லாரியை வைத்துப் பிழைப்பவர்களில் பல ரகம் உண்டு. வாங்கி ஓட்டுபவர், பாடி கட்டுபவர், பைனான்ஸ் கொடுப்பவர், தவணை கட்டாதவனின் வண்டியை ராத்திரியோடு ராத்திரியாகத் தூக்கி வருபவர். இந்தக் கணக்கில் எங்குமே சேராத ஒருவர் ஊருக்கு ஒருவராவது இருப்பார். அவர் ஒரு பழைய லாரியைப் புதுப்பித்து, விற்பனைக்கு என்று போர்டு மாட்டி வைத்திருப்பவர். விற்பவர் அல்ல, வைத்திருப்பவர்.

வயது அறுபதைத் தாண்டியிருக்கும். ஓடுகிற வண்டிகளையெல்லாம் மகன்களிடம் ஒப்படைத்தாயிற்று. ‘லோடு ஏறிருச்சா?’ என்று கேட்டால், ‘நீங்க சும்மா இருங்கப்பா’ என்கிறார்கள். சும்மா இருக்கச் சொன்ன மறுவாரமே தென்னந்தோப்பில் கோழி முட்டை இட்டுக்கொண்டிருந்த அப்பா காலத்து 1956 மாடல் பார்கோ அவர் கண்ணில் பட்டுவிட்டது. கோழிகளைக் காலி செய்ய ஒரு நாள் ஆயிற்று. மற்ற வேலைகளுக்கு எவ்வளவு ஆயிற்று என்பதை அவர் வீட்டில் இன்னும் முழுதாகச் சொல்லவில்லை.

அந்தக் காலத்தில் கம்பெனிக்காரன் எஞ்சினையும் சேசிஸையும் முன்பக்க மூக்கையும் கொடுத்து அனுப்பிவிடுவான். மிச்சமெல்லாம் பட்டறையில் ஆசாரி கை வேலை. இன்று இரும்புத் தகடும் ரெடிமேட் கேபினும் வந்துவிட்டதால், மரத்தில் லாரி கட்டத் தெரிந்த ஆசாரியைத் தேடிப் பிடிப்பது பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடுகிற வேலை. கடைசியில் கிடைத்தவர் கண் ஆபரேஷன் செய்துகொண்ட ஒரு பெரியவர். நாற்காலியில் உட்கார்ந்தபடியே, “ஆணி அடிக்காதீங்கடா! சேசிஸ் முறுக்கினா ஆணியெல்லாம் கக்கிரும். போல்ட்டுப் போடுங்க” என்று பேரன் வயதுப் பையன்களை விரட்டிக் கட்டினார். நிலைக்கால்களுக்கு வேங்கை, கேபின் சட்டத்துக்குத் தேக்கு. அடிப்பலகைகளுக்கு நடுவே நூலளவு சந்து விட்டிருக்கிறார், மழையில் மரம் ஊறினால் இடம் வேண்டுமே. அந்தச் சந்தில் நகத்தை விட்டுக் காட்டாமல் நம்மவர் யாரையும் திருப்பி அனுப்பியதில்லை.

பார்ட்டி வந்தால் அதற்கென்று ஒரு முறை இருக்கிறது. முதலில் டீ. அப்புறம்தான் தார்ப்பாய் விலகும். விலகியதும், “தொட்டுப் பாருங்கோ, எல்லாமே ஒரிஜினலுங்க” என்பார்.

“எஞ்சினுங்களா?”

“பெர்கின்ஸ் டீசலுங்க. மெட்ராஸ் சிம்சன் கம்பெனியில செஞ்சது.”

“இது பெட்ரோல் வண்டியாத்தான வந்திருக்கும்?”

“ஆமாங்க. டீசல் வந்தப்ப அப்பா மாத்துனாரு. அப்ப இது அப்பாவோட ஒரிஜினல்தானுங்க?”

பாடி புதுசு, டயர் புதுசு, ஒயரிங் புதுசு, பெயின்ட் போன தீபாவளிக்கு அடித்தது. குடைந்து கேட்டால், மூக்கில் ‘பார்கோ’ என்று எழுதிய தகடு ஒன்றுதான் அந்தக் கால ஒரிஜினலாகத் தேறும். அதையும் பாலிஷ் போட்டுத் தேய்த்துத் தேய்த்துப் பாதி எழுத்து போய்விட்டது.

பிறகு கதை. பெட்ரோல் எஞ்சின் நாளில் கிளீனர் எப்படி ஹேண்டில் அடிப்பான் என்பதை, கையில் ஹேண்டில் இல்லாமலே செய்து காட்டுவார். “கட்டை விரல மத்த விரலோட சேத்து வெக்கோணும். சுத்திப் புடிச்சீங்கன்னா, எஞ்சின் திருப்பி அடிக்கறப்ப விரல் போயிரும்.” காட்டும்போது பார்ட்டியும் தன் கட்டை விரலை ஒருமுறை பார்த்துக்கொள்ளும். அடுத்தது, அப்பா ஈரோட்டு மஞ்சளை ஏற்றிக்கொண்டு திம்பம் மலை ஏறிய கதை. திம்பத்துக்குக் கொண்டை ஊசி வளைவு 27. நம்மவர் அதில் ஒன்றைக்கூடத் தாண்டிக் குதிக்க மாட்டார். வளைவின் எண்ணிக்கை மாறாது, மூட்டையின் எண்ணிக்கைதான் பார்ட்டிக்குப் பார்ட்டி ஏறும்.

ஓட்டிக் காட்டுவதும் உண்டு, தோட்டத்துக் கிணறு வரைக்கும். கிளட்சை மிதித்து நியூட்ரல், விட்டு மறுபடி மிதித்து அடுத்த கியர். இந்த டபுள் கிளட்சில் ஒரு கணம் பிசகினாலும் பெட்டி கத்தும். கத்தினால், “அது உங்களுக்கு வணக்கம் சொல்லுதுங்க” என்பார். பார்ட்டி கையில் ஸ்டியரிங்கை மட்டும் கொடுக்க மாட்டார்.

கோயமுத்தூரிலிருந்து வந்த ரிசார்ட்காரர் ஒருவர், விலையில் பேரமே பேசவில்லை. போகிற போக்கில், “சைடுப் பலகைய அறுத்துட்டு காபி கவுன்ட்டர் வெச்சரலாம்” என்று சொன்னதோடு வியாபாரம் முடிந்தது. சினிமாக் கம்பெனி ஆள் இரண்டு நாள் வாடகைக்குக் கேட்டார். இரண்டாம் நாள் வண்டியைக் கொளுத்துகிற சீன் என்று தெரிந்ததும் அவருக்கு ஊற்றிய டீயே திரும்பிப் போனது. காயலான் கடைக்காரர், “எத்தனை டன்னு தேறும்?” என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார். அவருக்கு டீயே கிடையாது.

விவரம் தெரிந்த சேகரிப்பாளர் வந்தால் அது வேறு வேதனை. ஐம்பது வயது தாண்டிய வண்டிகளுக்கு வின்டேஜ் பதிவு என்று மத்திய அரசு 2021-ல் விதி கொண்டுவந்தது. ‘வி.ஏ.’ என்று தனி வரிசை நம்பர், புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம். ஆனால், அந்த மரியாதை இருசக்கர வண்டிக்கும் காருக்கும்தான். லாரிக்கு இல்லை. “காரு பாட்டன் ஆகலாம், லாரி பாட்டன் ஆகக் கூடாதுங்களா? ஊருக்கெல்லாம் அரிசி கொண்டாந்து போட்டது காருங்களா, லாரிங்களா?” என்று அந்தச் சேகரிப்பாளரையே மத்திய அரசாக வைத்துக் கேட்பார். அவரும் தலையைக் குனிந்துகொண்டு எழுந்து போவார்.

உண்மையான ஆபத்து, கேட்ட விலைக்கு ஒத்துக்கொள்கிற பார்ட்டிதான். அப்படி ஒருவர் அட்வான்ஸை எடுத்து மேசைமேல் வைத்த நாளில் நம்மவருக்கு வேர்த்துவிட்டது. “வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேனுங்க” என்று நழுவப் பார்த்தார்.

“எனக்கு முழுச் சம்மதமுங்க! இன்னைக்கே ஓட்டிட்டுப் போங்க!” என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

உடனே நம்மவர் காலண்டரைப் பார்த்தார். ஆடி மாதம், வண்டி கைமாறக் கூடாது. ஆவணியில் அந்த பார்ட்டி மறுபடி வந்தபோது, அப்பாவின் திதி முடியட்டும் என்றார். புரட்டாசி வேண்டாம், ஐப்பசி அடைமழை, கார்த்திகையில் மாலை போட்டிருக்கிறார், மார்கழி ஆகவே ஆகாது. தை பிறந்தபோது வழி பிறந்தது, விலை இரண்டு லட்சம் ஏறிவிட்டது.

விற்க மனமில்லாதவர் போர்டு எதற்கு மாட்ட வேண்டும் என்று கேட்கலாம். போர்டு இல்லாவிட்டால் யார் வந்து உட்கார்ந்து திம்பம் கதை கேட்பார்கள்? மகன்கள் மைலேஜ் பேசுவார்கள், பேரன்கள் காதில் எதையோ மாட்டியிருப்பார்கள். வாங்க வந்தவன்தான் வாயை மூடிக்கொண்டு இருபத்தேழு வளைவையும் கேட்பான்.

போன மாதம் கரூரிலிருந்து ஒருவர் வந்தார். அவரிடம் மரப்பாடி கட்டிய லேலண்ட் காமெட் இருக்கிறது, அதுவும் விற்பனைக்குத்தான். இவர் திம்பம் ஏறினார், அவர் தொப்பூர் இறங்கினார். இவர் வேங்கை என்றார், அவர் தேக்கு என்றார். ஒருவர் மூச்சு வாங்குகிற இடைவெளியில் மற்றவர் ஆரம்பித்தார். ஐந்தாவது டீயோடு வீட்டம்மா அடுப்பை அணைத்துவிட்டார். சாயங்காலம் இருவரும் கைகூப்பிப் பிரிந்தார்கள். விலை என்ற பேச்சை இரண்டு பேருமே எடுக்கவில்லை. மறுவாரம் நம்மவர் மெனக்கெட்டுக் கரூர் போய் அந்த காமெட்டையும் பார்த்துவிட்டு வந்தார்.

“எப்படிங்க இருக்குது வண்டி?” என்று கேட்டேன்.

“மனுசன் தங்கமுங்க” என்றவர், குரலைத் தாழ்த்திக்கொண்டார். “ஆனா வண்டி ஒரிஜினல் இல்லீங்க. பாடி முச்சூடும் புதுசு.”