இரண்டரை கோல்

பந்து பாதிதான் கோட்டைத் தாண்டியது என்றால் கோல் கிடையாது. சிதம்பரம் கீழவீதியில் பந்து உதைக்கும் பொடியனுக்கும் இது தெரியும். ஆனால் நள்ளிரவு தாண்டி எங்கோ ஐரோப்பாவில் விசில் ஊதினால், இங்கே செல்போன் வெளிச்சத்தில் விழித்திருக்கும் அவன் அண்ணன் இரண்டரை கோலுக்குப் பணம் கட்டுகிறான். மூன்று விழுந்தால் ‘ஓவர்’காரனுக்குக் காசு, இரண்டோடு நின்றால் ‘அண்டர்’காரனுக்கு. யார் ஆடுகிறார்கள், யார் ஜெயிக்கிறார்கள் என்ற கவலையே வேண்டாம். மூன்று வரை எண்ணத் தெரிந்தால் போதும். நாலு வருஷம் இன்ஜினியரிங் படித்துவிட்டு ஒன்றாம் வகுப்புக் கணக்கில் தோற்கிறார்கள் நம் பிள்ளைகள்.

அந்த அரை எதற்கு? விழுந்த கோலும் பந்தய எண்ணும் சரிசமமாகிக் கட்டிய பணம் திரும்பிப் போய்விடக் கூடாதே, அதற்குத்தான். இரண்டு பக்கமும் நூறு நூறு ரூபாய் விழுந்தால் ஜெயித்தவனுக்கு 190 கொடுப்பார்கள். மிச்சம் பத்து நடத்துகிறவனுக்கு. பந்து எந்த வலையில் விழுந்தாலும் அந்தப் பத்து அவன் பையில்தான் விழும்.

ரகசியத்துக்குப் பேர்போன ஊருக்கே டெலிகிராமில் எவனோ ரகசியம் விற்கிறான்: “ஃபிக்ஸட் மேட்ச், கண்ணை மூடிக்கிட்டுக் கட்டு ப்ரோ.” அதில் பாதி உண்மை. ஆட்டத்தை விலைக்கு வாங்குவது உண்டு. அதை உன்னிடம் சொல்வதுதான் கிடையாது.

2011 பிப்ரவரி 9, துருக்கியின் அண்டால்யா. ஒரே நாளில் இரண்டு சர்வதேச ஆட்டங்கள். லாட்வியா 2, பொலிவியா 1. எஸ்டோனியா 2, பல்கேரியா 2. மொத்தம் ஏழு கோல். ஏழும் பெனால்டி! கோல் போட ஆட்டக்காரனே தேவைப்படவில்லை, விசில் போதுமானதாக இருந்தது. நடுவர்கள் ஆறு பேரையும் ஃபிஃபா ஆயுளுக்கும் தடை செய்தது.

அதே ஆண்டு ஜூன் 1, அபுஜா. அர்ஜென்டினாவுக்கு எதிராக நைஜீரியா 4-0. சூதாட்டச் சந்தையிலோ ஐந்தாவது கோலின் மீது பணம் கொட்டிக்கொண்டிருந்தது. கூடுதல் நேரம் ஐந்து நிமிடம் என்றார்கள். 98-ஆவது நிமிடத்தில் நடுவர் இப்ராஹிம் சைபூ ஒரு பெனால்டி கொடுத்தார், ஐந்தாவது கோல் விழுந்தது. நட்பு ஆட்டங்களில் லஞ்சம் வாங்கியதற்காக அவருக்கு ஆயுள் தடை வந்தது 2019-இல். இந்தத் தொழிலின் உலகப் புள்ளி யார் என்கிறீர்கள்? ஆட்டங்களை விலைபேசி 2011-இல் ஃபின்லாந்தில் பிடிபட்டுச் சிறை சென்ற சிங்கப்பூர் வில்சன் ராஜ் பெருமாள். பெயரைக் கேட்டுப் பெருமைப்படுகிறவர்கள் படலாம்.

காலால் கோல் போட்டவர்களும் இருக்கிறார்கள், சிதம்பரத்தின் மாவட்டத் தலைநகரான கடலூரில். 2004 சுனாமியில் பெற்றவர்களை இழந்த பெண் பிள்ளைகளுக்குப் பயிற்சியாளர் மாரியப்பன் பந்து ஆடக் கற்றுக்கொடுத்த ஊர் இது. இந்தியாவுக்கு ஆடிய இந்துமதி கதிரேசனின் ஊர் இது. தமிழ்நாட்டுப் பெண்கள் தேசிய சாம்பியன் ஆனது 2018-இல் கட்டக்கில், மணிப்பூரை 2-1 என வென்று. 2023-இல் அமிர்தசரஸில் ஹரியானாவையும் அதே 2-1. தம்பி, உன் கணக்குப்படி இரண்டுமே ‘ஓவர்’. ஆனால் உனக்கு லாட்வியாவின் மாற்று ஆட்டக்காரன் வரை தெரியும், இந்துமதியைத் தெரியாது.

தம்பியை மட்டும் திட்டி என்ன ஆகப் போகிறது? ஆன்லைன் சூதாட்டத் தடை மசோதாவைத் தமிழகச் சட்டமன்றம் நிறைவேற்றியது 2022 அக்டோபரில். ஆளுநர் ஆர்.என். ரவி அதை நான்கு மாதத்துக்கு மேல் அடைகாத்து, சட்டமன்றத்துக்கு அந்த அதிகாரமே இல்லை என்று 2023 மார்ச்சில் திருப்பி அனுப்பினார். மறுபடியும் நிறைவேற்றி அனுப்பிய பிறகு ஏப்ரலில் கையெழுத்து. நடுவில் ஒரு உலகக் கோப்பையே வந்து போய்விட்டது. 64 ஆட்டம், 172 கோல். மசோதாவுக்கு முன் அரசு கொண்டுவந்திருந்த அவசரச் சட்டமும் அந்தப் போட்டி நடந்துகொண்டிருந்தபோதுதான் காலாவதியானது. சூதாட்டக்காரன் எழுதிக் கேட்டிருந்தாலும் இவ்வளவு பொருத்தமான அட்டவணை கிடைத்திருக்காது.

டெல்லி சும்மா இருந்ததா? 2023 அக்டோபர் முதல் பணயப் பணத்தில் நூற்றுக்கு 28 ரூபாய் ஜிஎஸ்டி போட்டது. ஏறக்குறைய இரண்டு வருஷம் கல்லா கட்டிய பிறகு, 2025 ஆகஸ்டில்தான் இந்த ஆட்டம் குடும்பத்தைக் கெடுக்கும் என்று நாடாளுமன்றத்துக்கு உறைத்து, தடைச் சட்டம் வந்தது. இப்போது செயலியை மூடினால் வாட்ஸ்அப்பில் சூதாட ‘ஐடி’ வருகிறது. பணம் போட, எடுக்க, காசு ஆசை காட்டி மாணவனின் வங்கிக் கணக்கையே வாடகைக்கு எடுக்கிறார்கள். போலீஸ் வரும்போது வீட்டு முகவரி இருப்பது அவனுக்குத்தான்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. லாட்டரி குடியைக் கெடுக்கும் என்று தமிழ்நாடு அதைத் தடை செய்தது 2003-இல். லாட்டரி நிறுவனமான ஃப்யூச்சர் கேமிங் தேர்தல் பத்திரமாகத் திமுகவுக்குத் தந்தது 509 கோடி ரூபாய். பாஜகவுக்கு 100 கோடி. சீட்டு ஆகாது, சீட்டு விற்ற காசு ஆகும்!

சூதாடிப் பிடிபடுகிறவனுக்குத் தமிழகச் சட்டம் விதிப்பது மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த ரசீதில் கையெழுத்துப் போடும் முன் 609 கோடிக்கு ஒரு ரசீதைக் காட்டிவிட்டுப் போடுங்கள்.