யாழ்ப்பாணத்துச் சுழல்தட்டு: தெரிவும் பராமரிப்பும் பற்றி ஓர் ஆய்வு

அளவான காசுக்கு நல்ல ரெக்கோட் பிளேயர் எது என்று கேட்போருக்கு உலக அறிஞர் மூன்று வழி காட்டியுள்ளனர். மோட்டரையும் தட்டையும் ரப்பர் வாரால் இணைப்பது ஒன்று. மோட்டரின் மேலேயே தட்டை ஏற்றுவது இன்னொன்று. 1972இல் வந்த டெக்னிக்ஸ் எஸ்.எல். 1200 இதில் பேர் போனது. இடையில் ஒரு சின்ன ரப்பர்ச் சில்லை வைத்து, தட்டின் விளிம்பை உரசிச் சுற்றுவது மூன்றாவது. 1954இல் ஆங்கிலேயர் செய்த கராட் 301 இந்த இனம். நான்காவது வழியை 1990இல் யாழ்ப்பாணம் கண்டுபிடித்தது. அது எந்த நூலிலும் ஏறாத குறையைத் தீர்க்கவே இவ்வாய்வு.

அவ்வாண்டு போரால் கரண்ட் நின்றது. பற்றரியோ அரசின் தடைப்பட்டியலில். பாட்டுக் கேட்க எஞ்சிய ஒரே சுழல்தட்டு சைக்கிளின் பின்சில்லு. அளவு 28 அங்குலம். (எல்.பி. இசைத்தட்டு வெறும் 12 அங்குலம் என்பதைக் கவனிக்க.) சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவை ரயரில் சாய்த்து, பெடலைக் கையால் சுற்ற வேண்டும். கராட்டில் சின்னது பெரியதைச் சுற்றும். எங்களிடம் பெரியது சின்னதைச் சுற்றும். சில்லு ஒருக்கால் சுற்ற, டைனமோத் தலை முப்பது தரமாவது சுற்றும். கிடைப்பது 6 வோல்ற், 3 வாற். நாலு பற்றரி போடும் றேடியோவுக்கும் அதே 6 வோல்ற்தான். இது தற்செயலா, நல்லூரான் செயலா என்பதில் ஆய்வாளர் உடன்படவில்லை. வருவது ஆடலோட்டம் ஆகையால் நாலு டயோட் பூட்டி நேரோட்டமாக்க வேண்டும். பூட்டாதவர்கள் உறுமல் கேட்டனர்.

இசைத்தட்டுக்கு நிமிடத்துக்கு 33⅓, 45, 78 சுற்று என வேகம் விதித்திருக்கிறார்கள். எங்கள் தட்டின் வேகம் சுற்றுபவனின் பசியைப் பொறுத்தது. றேடியோ என்றால் கை தளரச் சத்தம் குறையும், அவ்வளவுதான். கசற் என்றால் நிலைமை பாரதூரம். எஸ். ஜானகி படிப்படியாக ஆண்குரலுக்கு இறங்குவார், "டேய், சுத்தடா!" என்று அப்பா அதட்டியதும் திரும்பப் பெண்குரலுக்கு ஏறுவார். இதை வேகத் தளம்பல் என்பர். நல்ல கருவியில் அது ஆயிரத்தில் ஒரு பங்கு. எங்கள் வீட்டில் அளக்கப்படவில்லை. அளக்க வேண்டியவனே சுற்றிக்கொண்டிருந்தான்.

இனித் தெரிவு. சைக்கிள் ராலியா லுமாலாவா என்ற வாதம் வீண். ரயர் தேய்ந்திருக்கக் கூடாது. தேய்ந்தது வழுக்கும், அதுவும் பி.பி.சி. தமிழோசையின் தலைப்புச் செய்தி பார்த்து வழுக்கும். சில்லு நெளிந்திருந்தால் செய்தி வாசிப்பவருக்குச் சுற்றுக்கொரு விக்கல். மிச்சக் கவனமெல்லாம் சுற்றுபவனில் இருக்கட்டும். மருமகனிலும் மகன் திறம்: இருட்டினால் அவனுக்குப் போக வேறு வீடில்லை. பெலத்தைவிடச் சீர் முக்கியம் என்பதால், தவில் பழகும் பிள்ளை அகப்பட்டால் விட வேண்டாம். பாட்டில் சொக்கிப்போய்ச் சுற்ற மறக்கும் பிள்ளை ஆகவே ஆகாது. இக்குறையை நான் நேரில் கண்டது ஒருவனிடம் மட்டுமே. அப்போது எனக்கு வயது பதினொன்று.

இயக்கச் செலவு, இரவுக்கு ஒரு துண்டுப் பனங்கட்டி. இதிலும் மலிவான சுழல்தட்டை எந்தக் கடையிலும் நான் காணவில்லை. 1993ஆம் ஆண்டு மாரிகாலத்து நிலுவை மட்டும் இன்னும் தீர்க்கப்படவில்லை. அப்பாவும் இந்த இதழை வாசிப்பவர் என்பதால் இங்கே பதிகிறேன்.