போகம்பறைச் சிறைக்கூடங்களை அலுவலகத் தனியறைகளாக வாடகைக்கு விடக் கோரும் விண்ணப்பம்

தலைவர் அவர்கள்,
நகர அபிவிருத்தி அதிகாரசபை,
பத்தரமுல்லை.



கண்டியிலும் பேராதனை, கட்டுகஸ்தோட்டை, குண்டசாலை முதலிய அயலூர்களிலும் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே கணக்கெழுதியும் மென்பொருள் ஆக்கியும் பிழைப்போர் சார்பில் அனுப்பப்படும் இவ்விண்ணப்பம், பிரித்தானியர் 1876இல் கட்டியதும், 2014 தொடக்கத்தில் கைதிகள் பல்லேகலைக்கு மாற்றப்பட்ட பின், கொரோனாக் காலத்துத் தனிமைப்படுத்தலைத் தவிர்த்தால், பெரும்பாலும் யோசனைகள் மட்டுமே குடியிருந்து வருவதுமான பழைய போகம்பறைச் சிறைச்சாலையைப் பற்றியது.

அச்சிறையை மாற்றக் கோரப்படும் பகிர்வுப் பணியிடம் என்பது, தொடர்பற்ற பலர் ஒரே கட்டடத்தின் மேசை, மின்சாரம், இணையம், தேநீர் ஆகியவற்றுக்கு மாத வாடகை செலுத்தித் தத்தம் தொழிலைச் செய்யும் ஏற்பாடாகும். 2005இல் சான் பிரான்சிஸ்கோவில் பிராட் நியூபர்க் என்பவர் தொடங்கிய இவ்வழக்கம் பொது மேசையோடு நின்றுவிடாமல், அதே கட்டடத்துக்குள் பூட்டிக்கொள்ளக்கூடிய தனியறையை வாடகைக்கு விடும் அளவுக்கு வளர்ந்ததற்குக் காரணம் எளிது: வாடிக்கையாளரின் வரிக்கோப்பைப் பொது மேசையில் விரித்து வைக்கும் கணக்காளரிடம் எவரும் இரண்டாவது கோப்பைக் கொடுப்பதில்லை. சிட்னியிலுள்ள நிறுவனமொன்றுடன் காணொளிக் கூட்டத்தில் விலை பேசிக்கொண்டிருக்கும் வேளையில், பாண் விற்கும் சூன் பாண் முச்சக்கரவண்டி பீத்தோவனை ஒலிக்கவிட்டபடி வாசலுக்கு வந்து நிற்க, அடுக்களையிலிருந்து "மாலுபாண் எத்தனை வாங்க?" என்ற கேள்வி எழுவது வீட்டு அலுவலகத்தின் அன்றாடம். வியாபாரப் பெயரைப் பதியவோ பிரதேச செயலகத்துக்கு இடத்தைக் காட்டும் ஆவணம் வேண்டும். அனெக்ஸ் வீட்டுக்காரர் அத்தகைய கடிதத்தில் கையொப்பமிடுவதைக் காணியையே எழுதிக் கொடுப்பதாகக் கருதுகிறார். தலதா வீதியில் கடையறை எடுக்கலாமென்றால், முதல் வாடிக்கையாளர் வருமுன்னரே கையிருப்பை முற்பணம் விழுங்கிவிடும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் 13 மணிநேரம் மின்வெட்டு அமுலான காலத்தில், ஜெனரேட்டர் செலவைப் பத்துப் பேர் பகிர்வதற்கும் ஒருவர் தனித்துச் சுமப்பதற்கும் உள்ள வேறுபாடு விளக்கமின்றியே விளங்கியது.

இத்தேவைகள் அனைத்தையும் போகம்பறை ஏற்கெனவே நிறைவு செய்கிறது என்பதே விண்ணப்பதாரரின் வாதம். அறைகள் தனித்தனியாகவே கட்டப்பட்டுள்ளன, சுவர்கள் தடித்தவை, புகையிரத நிலையம் நடைதூரத்தில் உள்ளது, பாதுகாப்புக்கு எனப் புதிதாக எதையும் கட்ட வேண்டியதில்லை. தூக்குமேடை அமைந்த பகுதியை மாதாந்த வருமான மீளாய்வுக் கூட்டங்களுக்கு ஒதுக்கலாம். எசலப் பெரகரா நாட்களில் நகர மத்தியின் வீதிகள் பிற்பகலிலேயே மூடப்படுவதால் உள்ளே வந்தோர் நள்ளிரவு வரை வெளியேற முடியாது போகலாமாயினும், அது இக்கட்டடத்தின் மரபுக்கு முரணானதன்று. சிறையைச் சுற்றுலா விடுதியாக்கும் யோசனையும் முன்னர் பேசப்பட்டதுதான். ஆயின் ஓரிரவு தங்குபவர் கட்டடத்தின் கதைக்காகக் காசு கொடுப்பார், மாதக்கணக்கில் அறை எடுப்பவரோ கதவுக்காகக் கொடுப்பார் என்பதால் பின்னவரே நம்பத்தக்க வாடகையாளர்.

கட்டடங்களை நீண்டகாலக் குத்தகைக்கு எடுத்துச் சிறு துண்டுகளாக மாத வாடகைக்கு விட்ட வீவேர்க் நிறுவனம் 2023 நவம்பரில் கடன் கொடுத்தோரிடமிருந்து நீதிமன்றப் பாதுகாப்புக் கோரியதை எடுத்துக்காட்டி இத்தொழில் ஆபத்தானது என அதிகாரிகள் தயங்கக்கூடும். 2022 ஏப்ரலிலேயே வெளிநாட்டுக் கடன் செலுத்துவதை இடைநிறுத்திய அரசுக்கு அவ்வகையில் முன்னனுபவம் உண்டு என்பதும், இக்கட்டடத்துக்குக் குத்தகைப்பணம் கேட்க வேறு உரிமையாளர் எவரும் இல்லை என்பதும் பணிவுடன் நினைவூட்டப்படுகின்றன.

திருத்தம் ஒன்று மட்டும் தவிர்க்க முடியாதது. சிறைக்கூடங்களின் பூட்டுகள் வெளிப்புறத்தில் உள்ளன. வாடகை செலுத்துவோர் அவற்றை உட்புறத்தில் வேண்டுகின்றனர். கண்டி 1988 முதல் உலக மரபுரிமை நகரமாதலால், தாழ்ப்பாளை ஓரங்குலம் நகர்த்துவதற்கும் அதிகாரசபை, மாநகர சபை, தொல்பொருள் திணைக்களம் ஆகியவற்றில் எதனுடைய அனுமதி முதலில் பெறப்பட வேண்டும் என்பதையும், அவ்வனுமதிக்கான விண்ணப்பப் படிவம் எந்தக் கருமபீடத்தில் கிடைக்கும் என்பதையும் தெரிவித்துதவுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது.

இங்ஙனம்,
கண்டிச் சாப்பாட்டு மேசை அலுவலகத்தார்