கூடத்தின் நீளமும் இரண்டாம் லென்ஸும்

கேமராவோடு சேர்ந்து வரும் லென்ஸை வைத்துக்கொண்டு ஆறு மாதம் நிம்மதியாகப் படம் எடுத்தவருக்கும் ஏழாம் மாதம் ஒரு குறை தெரியத் தொடங்கும். அது லென்ஸின் குறையா, கண்ணின் குறையா, அப்போதுதான் கைக்கு வந்த போனஸ் செய்யும் வேலையா என்பதில் அறிஞரிடையே ஒருமித்த கருத்து இல்லை. இக்கட்டுரையாளர் மூன்றாம் கட்சி.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் வகை மிரர்லெஸ் கேமரா. 2008-இல் ஒலிம்பஸும் பானசோனிக்கும் சேர்ந்து அறிவித்தது. பெயரிலோ மூன்றில் நான்கு அங்குலம். சென்சாரை அளந்தால் அகலம் 17.3 மில்லிமீட்டர், உயரம் 13. மூலைக்கு மூலை அளந்தாலும் ஓர் அங்குலம் தேறாது. பழைய டிவி கேமராக்களுக்குள் இருந்த கண்ணாடிக் குழாயின் வெளி விட்டத்தை வைத்துப் போட்ட கணக்கு அது. குழாய் போய்விட்டது, கணக்கு நிற்கிறது. நிலமெல்லாம் விற்ற பிறகும் தெருவில் 'மிராசுதார் வீடு' என்றே சொல்வதுபோலக் கொள்க.

இரண்டாம் லென்ஸ் குறித்து உலகில் இரு சம்பிரதாயங்கள் உண்டு. ப்ரைம் லென்ஸ்காரர் ஒரு கலை, சூம் லென்ஸ்காரர் மறு கலை. ப்ரைமில் திருகிப் பெரிதாக்க ஒன்றும் இல்லை; வேண்டுமென்றால் நாம்தான் நடந்து கிட்டே போகவேண்டும். குட்டி தானே தாயைப் பற்றிக்கொள்ள வேண்டும் என்னும் மர்க்கட நியாயம் இது. சூமில் நாம் நின்ற இடத்தில் நிற்க, காட்சியே கிட்டே வரும். தாய்ப்பூனை குட்டியைக் கவ்வித் தூக்கிப் போகும் மார்ஜார நியாயம் அது. வைணவத்தில் வடகலை, தென்கலையார் இந்த இரு நியாயங்களை வைத்து நூற்றாண்டுகளாக வாதாடியும் தீராததை லென்ஸ் கடையில் அரை மணியில் தீர்க்க முடியாது. அடாப்டர் போட்டு ருஷ்ய ஹீலியோஸ் போன்ற பழைய லென்ஸ்களை மாட்டுகிறவர்கள் மூன்றாவது பிரிவினர். அவர்கள் ஆட்டோஃபோகஸையே துறந்தவர்கள்; சந்நியாசிகளோடு நமக்கு வாதம் இல்லை.

முதலில் சான்றுகளைத் தொகுத்தேன். கிட் லென்ஸ் 14 முதல் 42 மில்லிமீட்டர் வரை திருகக் கூடியது. எடுத்த படங்களைக் கணினியில் போட்டு ஒவ்வொன்றும் எந்த எண்ணில் எடுத்தது என்று பார்த்ததில், ஏறக்குறைய எல்லாம் 14-இல் அல்லது 42-இல். நடுவே உள்ள நாட்டில் ஆள் நடமாட்டமே இல்லை. 14-இல் எடுத்தவை எல்லாம் கோயில் கோபுரம். 42-இல் எடுத்தவை எல்லாம் மனிதர்கள், அதிலும் கலங்கிய மனிதர்கள்.

கலங்கியதற்குக் காரணம் உண்டு. அந்த லென்ஸ் 42-க்குப் போனால் அதன் வாய் 5.6-க்கு மேல் திறக்காது. இந்த எண்களில் சிறியதே பெரியது, 1.7 என்றால் அகன்ற வாய். 5.6-க்கும் 1.7-க்கும் வெளிச்சத்தில் சுமார் 11 மடங்கு வித்தியாசம். ட்யூப் லைட் அடியில் ஓடும் மூன்று வயதுப் பேத்தியைப் பிடிக்க இந்தப் 11 மடங்கும் வேண்டும். அவள் நிற்பாள் என்பது உரையாசிரியர் எவரும் ஒப்பாத பாடம்.

ஆக, சிறிய எண் போட்ட ப்ரைம் என்று முடிவாயிற்று. எந்த ப்ரைம்? ஆள் படத்துக்கு 45 மில்லிமீட்டர் 1.8 என்பது ஆன்றோர் வழக்கு. ஒலிம்பஸ் செய்த அந்த லென்ஸ் 116 கிராம்தான். பின்னணியை அழகாக மங்கவைக்கும். ஏறத்தாழ வாங்கியே விட்டேன். தடுத்தது வாய்ப்பாடு: 17.3-ஐ லென்ஸின் எண்ணால் வகுத்து, நாம் நிற்கும் தூரத்தால் பெருக்கினால், படத்தில் எவ்வளவு அகலம் கொள்ளும் என்று தெரிந்துவிடும்.

எங்கள் கூடம் பன்னிரண்டு அடி. எதிரே உட்காருபவருக்கும் என் முதுகுக்கும் கழித்தால் பத்தடி. 45 போட்டால் நாலடிக்கும் குறைவு. அதில் என் தங்கை ஒருத்தி கொள்வாள், இருவர் கொள்ளார். நவராத்திரிக்கு இருவரும் வருவார்கள். ஒருத்தியை மட்டும் எடுத்த படத்தை மற்றவள் பார்த்தால் பிறகு மங்குவது பின்னணி மட்டுமல்ல. 40-150 சூமை 150-இல் வைத்தால் ஓரடி இரண்டு அங்குலம். அம்மாவின் முகம் நிறையும், பக்கத்தில் இருக்கும் சுண்டல் கிண்ணம்கூட வராது. 25 மில்லிமீட்டர் 1.7 போட்டால் ஏழடி. தங்கைகள் இருவர், அம்மா, பேத்தி, ஓர் ஓரமாகக் கொலுப்படி.

20 மில்லிமீட்டரில் பானசோனிக்கின் 'பேன்கேக்' லென்ஸ் ஒன்று இருப்பதைச் சொல்லாமல் விட்டால் ஆய்வு குறையுடையதாகும். 100 கிராம், தடிமன் ஓர் அங்குலம், கொள்ளும் அகலம் எட்டரை அடி. ஓர் அங்குலத் தடிமனில் தோசை வார்த்தால் எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் வேறு. வார்த்தவருக்குக் கிடைக்கும் பெயரும் வேறு. அது நல்ல லென்ஸ். ஆனால் ஃபோகஸ் பிடிப்பதில் சற்று நிதானம், பேத்தியிடம் அது இல்லை.

முடிவை வீட்டில் சமர்ப்பித்தேன். "ஏங்க, மூணு அடி பின்னாடி நகந்தா பழைய லென்ஸே போதாதா?" என்றாள் மனைவி. பின்னால் சுவர் என்றேன். "அப்ப சோபாவ நகத்துங்க." வெளிச்சம் பற்றிய 11 மடங்கு வாதத்தை முன்வைத்தேன். ட்யூப் லைட்டை மாற்றச் சொல்லி ஆறு மாதமாகிறது என்று பதில் வந்தது. இந்த மறுப்புக்கு நூல்களில் விடை காணக் கிடைக்கவில்லை.

25 வாங்கினேன். ட்யூப் லைட்டும் மாற்றினேன். நீங்கள் கடைக்குக் கிளம்புவதாக இருந்தால், முதலில் ஓர் இஞ்ச் டேப் எடுத்துக் கூடத்தை அளந்துகொள்ளுங்கள். இரண்டடி கழிக்க மறக்க வேண்டாம்.