நதிமூலம், ரிஷிமூலம், சமன்பாட்டு மூலம்

மாணவி, ஈரோடு: மூலம் கண்டுபிடிக்க சாஃப்ட்வேர் எதற்கு? ஃபார்முலா இல்லையா?

இருபடிக்கு உண்டு, பத்தாம் வகுப்பில் உருப்போட்டிருப்பீர்கள். மூன்று, நான்குக்கும் உண்டு. உருப்போட்டவரை நான் பார்த்ததில்லை. ஐந்துக்கு நாலு கணக்கையும் மூலக்குறியையும் மட்டும் வைத்துப் பொது ஃபார்முலா வரவே வராது என்று 1824-ல் நிரூபித்துவிட்டார் நார்வேக்காரர் ஆபெல். 26 வயதில் காலமானார். மிச்சத்தை மெஷினுக்கு விட்டுவிட்டார்.

குறும்பர், தஞ்சாவூர்: 'மூலம்' என்றாலே எனக்குச் சுவர் விளம்பரம்தான் ஞாபகம் வருகிறது.

அங்கே 'ஆபரேஷன் இல்லாமல்' என்று போட்டிருக்கும். இங்கே கத்தியை எடுத்தே ஆக வேண்டும். கிராஃபில் அறுபடாத கோடு ஒரு முனையில் அச்சுக்கு மேலே, மறுமுனையில் கீழே என்றால், நடுவில் எங்கோ அச்சைக் கடந்திருக்கிறது. அந்த இடம்தான் மூலம். பாதியாக வெட்டுங்கள், குறி மாறும் பாதியை வைத்துக்கொண்டு மறுபடி வெட்டுங்கள். 20 வெட்டில் இடைவெளி பத்து லட்சத்தில் ஒரு பங்காகிவிடும். தையல் கிடையாது.

அவசரக்காரர், மதுரை: இதைவிட வேகம்?

நியூட்டன். 1669-ல் அவர் எடுத்துக்கொண்ட கணக்கு: ஓர் எண்ணின் கனத்திலிருந்து அதன் இருமடங்கையும் 5-ஐயும் கழித்தால் பூஜ்யம் வர வேண்டும். 2-ல் ஆரம்பித்தால் 2.1, அடுத்து 2.09457, அடுத்து 2.09455148. மூன்றே தாவல்! ராப்சன் 1690-ல் இதைச் சுலபமாக்கினார். வகைக்கெழுவோடு பொதுவாக எழுதியவர் சிம்ப்சன், 1740-ல். 'நியூட்டன்-ராப்சன் முறை' என்ற பெயர்ப்பலகையில் மட்டும் சிம்ப்சன் இல்லை. ஈடுகட்ட அவர் பெயரில் வேறொரு விதி இருக்கிறது. அது அவருக்கு நூறு வருஷம் முன்பே கெப்ளருக்குத் தெரியும்.

புரோகிராமர், கோவை: என் நியூட்டன் புரோகிராம் 0, 1, 0, 1 என்றே ஆடுகிறது. வைரஸா?

கனத்திலிருந்து இருமடங்கைக் கழித்து 2 கூட்டினீர்களா? 0-வில் ஆரம்பித்தீர்களா? இந்த முறை, தொடுகோடு அச்சை வெட்டும் இடத்துக்குத் தாவுவது. 0-வில் உள்ள தொடுகோடு 1-க்குப் போகச் சொல்லும். 1-ல் உள்ளது 0-வுக்கே திருப்பி அனுப்பும். அரசு ஆபீஸில் இரண்டு கவுன்ட்டருக்கு நடுவே நடந்ததில்லையா? மைனஸ் 2-ல் ஆரம்பியுங்கள், காரியம் நடக்கும்.

தவணைதாரர், சேலம்: ஒரு லட்சம் கடன். நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி. 12 மாதம், மாதம் 9,333 ரூபாய். நியாயம்தானே?

அசல் மாதாமாதம் குறைகிறது, வட்டியை மட்டும் கடைசிவரை முழு லட்சத்துக்கும் கட்டுகிறீர்கள். உண்மை வட்டியைத் தனியே பிரித்தெடுக்க ஃபார்முலா கிடையாது. அதுவும் மூலம் தேடும் கணக்குதான். எக்செலில் ஒரு கட்டத்தில் உத்தேசமாக மாதம் 1 சதவீதம் போடுங்கள். பக்கத்தில் மாதத் தவணை சொல்லும் பிஎம்டி; கடனை மைனஸில் கொடுத்தால் 8,885 ரூபாய் காட்டும். அந்தக் கட்டத்தை 9,333 ஆக்கு, வட்டிக் கட்டத்தை மாற்றிக்கொள் என்று 'கோல் சீக்'கிடம் சொல்லி ஓகே தட்டுங்கள். 1.79-ல் வந்து நிற்கும். வருஷத்துக்கு ஏறத்தாழ 21.5 சதவீதம்! 'ஒரு ரூபாய்' என்றவர் மீதி 79 காசை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டார்.

பெண்ணைப் பெற்றவர், திருச்சி: வேகமும் வேண்டும், நம்பகமும் வேண்டும். கிடைக்குமா?

மாப்பிள்ளையில் கஷ்டம். மூலத்தில் கிடைக்கும்: ரிச்சர்ட் பிரென்ட், ஆஸ்திரேலியர், 1973. டெக்கர் என்பவரின் முறையைச் செப்பனிட்டார். தாவ முடிந்தால் தாவும். சந்தேகம் வந்தால் பேசாமல் பாதியாக வெட்டும். சைபை நிரல் தொகுப்பில் பிரென்ட்க்யூ, ஆர் மொழியில் யூனிரூட் எல்லாம் அவர் வாரிசுகள்.

ஏமாந்தவர், நெல்லை: டேன் சார்புக்கு 1.5708 மூலம் என்கிறது கம்ப்யூட்டர். போட்டுப் பார்த்தால் விடை லட்சத்தில் வருகிறது!

கோடு அங்கே அச்சைக் கடக்கவில்லை. ஆகாயத்தில் மறைந்து பாதாளத்தில் முளைத்தது. குறி மாறியதை மட்டும் பார்த்துவிட்டு மெஷின் ரசீது போட்டுவிட்டது. கிராஃப் வரைந்து பார்த்தீர்களா? அதானே!

சும்மா இருப்பவர், வேலூர்: கால்குலேட்டரில் காஸ் பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தால்?

ரேடியனில் வைத்து 40 தரம் அழுத்துங்கள். 0.739085 வரும், அப்புறம் இந்த ஆறு இலக்கம் அசையாது. தானும் தன் காஸும் ஒன்றேயான எண் அது. டிகிரியில் அழுத்தினால் 0.99985 வரும், பரீட்சையில் அழுத்தினால் சூப்பர்வைசர் வருவார்.