கையைக் கட்டிக்கிட்டு உக்காருங்க, மாப்ளே

மாப்ளே, பெங்களூர்ல கம்பெனிக்குப் புரோகிராம் எழுதுறது பத்தாதுன்னு, ஞாயித்துக்கிழமையானா ஊருக்கு வந்து பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் கிளப் நடத்துறீகளாமே. நூலகத்துப் பின்னறையில, சம்பளம் இல்லாம. ஊரே மெச்சுது. நானும் மெச்சுறேன். ஆனா மாமன்கிற உரிமையில ஒண்ணு சொல்லிப்புடுறேன்: அந்த அறையில வாத்தியாரா இருக்க உங்களைவிட எனக்குத்தான் தகுதி ஜாஸ்தி.

சிரிக்காதீக. எனக்கு மவுசைப் பிடிக்கவே தெரியாது. அதான் தகுதி.

பேப்பர் படிக்கிற சாக்குல ஜன்னலோரம் உக்காந்து எல்லாத்தையும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். தையக்காரர் மக, ஒன்பதாப்புப் படிக்கிற பிள்ளை, பிள்ளைக புரோகிராம் எழுதிப் பழகுற ஸ்கிராட்ச்ல வர்ற அந்தப் பூனையை நடக்க விட்டுச்சு. பூனை திரை ஓரத்துல போய் முட்டுச்சு, திரும்புச்சு, தலைகீழாத் தொங்கிக்கிட்டே நடந்து வந்துச்சு. பிள்ளை வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்குது, பக்கத்துல இருந்தவளை இடிச்சு இடிச்சுக் காட்டுது. அம்புட்டுத்தான், நீங்க வந்துட்டீக. "தள்ளும்மா"ன்னீக. மவுசை வாங்குனீக. இடம் வலமாத்தான் திரும்பணும்னு என்னமோ ஒரு பிளாக்கை இழுத்து ஒட்டுனீக. பூனைக்கு ஒழுங்கான நடை வந்துச்சு, பிள்ளைக்குக் கொட்டாவி வந்துச்சு. "தேங்க்ஸ் சார்"னு ஒண்ணு சொல்லுச்சே, அதை நீங்க நெசம்னு நம்பிட்டீக.

ஏன் மாப்ளே, பூனை எதுக்குக் கவுந்துச்சுன்னு அந்தப் பிள்ளை இன்னும் அரை மணி நேரம் மண்டையைக் குடைஞ்சிருந்தா உங்க கம்பெனி திவாலாயிருமா? இல்ல, அதுக்குத் தலைகீழ்ப் பூனைதான் வேணும்னா? மோட்டுவளையில நடக்குற பூனையை வச்சு ஒரு கதை கட்டியிருக்கும். கேட்டீகளா?

நீங்கதான் ஒரு நாள் செல்லுல சுகதா மித்ரா பேச்சைப் போட்டுக் காட்டுனீக. 1999-ல டெல்லி கல்காஜியில, குடிசைப் பக்கத்துச் சுவத்துல ஓட்டை போட்டுக் கம்ப்யூட்டரைப் பதிச்சுட்டுப் போனவரு. வாத்தியார் இல்லாமலே பிள்ளைக கத்துக்கிச்சுன்னு நீங்க வாயைப் பிளந்தீக. நான் வாயைப் பிளந்தது அதுக்கு அடுத்த சங்கதிக்கு. காளிக்குப்பம்னு ஒரு ஊரு, நம்ம தமிழ் பேசுற பிள்ளைக. டி.என்.ஏ. சமாச்சாரத்தை இங்கிலீசுலயே கம்ப்யூட்டர்ல போட்டு விட்டுட்டுப் போயிட்டாரு. ரெண்டு மாசம் கழிச்சுப் பரீட்சை வச்சா நூத்துக்கு 30. அப்புறம் கணக்கெழுதுற பொண்ணு ஒண்ணைக் கூட நிறுத்துனாரு. அதுக்கு உயிரியல்ல ஒரு எழுத்துத் தெரியாது. அப்பத்தா மாதிரிப் பின்னால நின்னு, அட இதை எப்படிப் பண்ணே, இன்னொருக்காக் காட்டுன்னு கேட்டுக்கிட்டே இருந்தாப் போதும்னு சொல்லிவச்சாரு. மார்க்கு 50 ஆச்சு. சுவத்துப் பெட்டியே எல்லாத்தையும் கத்துக்குடுத்துராதுன்னு குறை சொல்ற படிச்சவுகளும் இருக்காக. அந்த வழக்குக்கு நான் போகல. 30-க்கும் 50-க்கும் நடுவுல நின்னது ஒண்ணும் தெரியாத ஒரு ஆளு. ஒண்ணும் தெரியாத ஆளு இந்த ஊர்ல என்னை விட்டா யாரு இருக்கா?

கோடர்டோஜோன்னு பிள்ளைக புரோகிராம் பழகுற ஒரு கிளப்பைச் சொல்லுவீகளே, அயர்லாந்துல கார்க் நகரத்துல 2011-ல தொடங்குனது. பில் லியாவ்னு ஒரு விவரமான ஆளோட சேந்து அதைத் தொடங்குனவன் ஜேம்ஸ் வெல்டன். அப்ப அவன் பள்ளிக்கூடம் முடிக்கிற வயசுப் பய. ஐபாட் நானோவை நோண்டி ஹேக் பண்ணிப் பேரு வாங்குனவன். அவன் நோண்டுறப்ப நீங்க மட்டும் பக்கத்துல இருந்திருந்தா, "தள்ளு தம்பி, கெட்டுப்போயிரும்"னு பிடுங்கியிருப்பீக. கோடர்டோஜோ அன்னைக்கே முடிஞ்சிருக்கும்.

அந்த மாதிரிக் கிளப்புகள்ல ஒரு வழக்கம் உண்டாம்: சந்தேகம் வந்தா முதல்ல கூட்டாளிக மூணு பேருகிட்டக் கேளு, அப்புறந்தான் பெரியாளுகிட்ட வா. நல்லா யோசிச்ச சோம்பேறித்தனம் மாப்ளே! உங்களுக்கு எப்பவும் ஞாயித்துக்கிழமை வாய்க்குமா? கம்பெனியில ரிலீஸ்ம்பாக, கல்யாணம் ஆகும், மாமியா வீட்டு விசேசம் வரும். அன்னைக்கு அறையைத் திறந்து நடத்தப் போறது இப்ப உங்களையே முறைச்சுப் பாத்துக்கிட்டுத் திரியிற பதினொண்ணாப்புப் பயதான். அவனைச் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்குடுக்க விடுங்க. தப்பாச் சொல்லுவான். சொல்லட்டும். ஒன்பதாப்புப் பிள்ளைக்கு முன்னால தப்பாப் போச்சுன்னா, அன்னைக்கு ராத்திரி தூங்காம உக்காந்து சரி பண்ணிட்டு வருவான். அந்த ரோசத்தை உங்க சர்டிபிகேட்டு வாங்கித் தருமா?

உங்க அறையில மூணு பேருக்கு ஒரு லேப்டாப்பு. அதுவும் 2011-ல இருந்து அரசாங்கம் குடுத்ததுல பரண்லருந்து இறக்குனது, பேட்டரி செத்து, ஒயர் மாட்டுனாத்தான் உசுரு. அதுல மவுசு எப்பவும் பயலுக கையில. பொம்பளைப் பிள்ளைக எட்டிப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கு. முறை வச்சுக் கை மாத்தி விடுங்க. அந்த ஒரு வேலைக்கு மட்டும் மவுசைத் தொடலாம். அப்புறம், கதவு எப்பவும் திறந்தே கிடக்கணும், உங்களைத் தவிர இன்னொரு பெரியாளு உள்ள இருக்கணும். இது நையாண்டி இல்ல மாப்ளே.

பூனையையே எத்தனை நாளைக்கு மேய்ப்பீக? பைத்தான்ல டர்டில்னு கோடு கிழிக்கிற ஆமை ஒண்ணு இருக்காமே, அதை வச்சுக் கோலம் போடச் சொல்லுங்க. தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில இருந்த கிஃப்ட் சிரோமணியும், ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன்னு கூட இருந்தவுகளும் நம்ம கோலத்துக்குக் கம்ப்யூட்டர் கணக்குல இலக்கணம் எழுதி 1974-லயே வெளியிட்டுட்டாக. புள்ளி வச்சு, வளைச்சு, திருப்பிப் போட்டு, அதையே இன்னொருக்கா. தையக்காரர் ஆத்தாளைக் கூட்டி வந்து திரைக்கு முன்னால உக்கார வைங்க. சிக்குக் கோலம் தொடங்குன புள்ளியில வந்து சேரலைன்னா கிழவி சும்மா விட மாட்டா. "லூப்பு எங்க உடைஞ்சுச்சு"ன்னு அவ கேக்க மாட்டா, "எவ கையிடி இது?"ம்பா. அப்ப பாக்கணும் அந்தப் பிள்ளை தேடுற தேட்டத்தை.

கை சும்மா இருக்க மாட்டேங்குது, என்ன செய்யன்னுதானே கேக்குறீக? அதுக்குத்தான் வர்ற ஞாயித்துக்கிழமை நான் வாறேன். சம்பளம் வேண்டாம், ஒரு நாற்காலி போதும். வடைக்கும் டீக்கும் மட்டும் காசு குடுத்துருங்க. நீங்க "தள்ளும்மா"ன்னு வாயைத் திறக்குறப்ப, ரெண்டு கையிலயும் ரெண்டு வடையை வச்சிருவேன். எண்ணெய்க் கையோட லேப்டாப்பைத் தொட அந்த நூலகத்தம்மா விடாது.